மாமனார் பிடுங்கிய வயர்

ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொன்னால் அந்த வீட்டின் சின்ன மருமகளுக்கு முகம் சுண்டிவிடும். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நாளிலேயே, தினமும் ஒரே கணக்கை ஒரே மாதிரி தட்டுவானேன் என்று எரிச்சல்பட்டு, கணினி தானாகவே செய்துகொள்ளும்படி சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகள் எழுதக் கற்றுக்கொண்டாள். முதலாளி அவளைச் சோம்பேறி என்றார்.

குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தபடியே வேலை. படகு டிக்கெட் விற்கும் நிறுவனம் ஒன்று அவளைத் தேடி வந்தது. அவர்களுடைய டிக்கெட் பக்கம் சிலருக்குச் சட்டென்று திறக்கிறது. சிலருக்குச் சுற்றிக்கொண்டே நிற்கிறது. யாருடைய நெட்டில் சிக்கல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். துணி மடிக்கிற மேசையில் பாதியைக் காலி செய்து, ஒரே கணினியில் மூன்று இணைப்புகளைச் செருகினாள். ஒன்று வீட்டு லைன். இன்னொன்று வேறு கம்பெனியிடம் புதிதாக வாங்கியது. மூன்றாவது, கைப்பேசி சிம் போட்டுச் செருகும் டாங்கிள். அவள் எழுதிய மூன்று ஸ்கிரிப்ட்டுகளும் ஆளுக்கொரு இணைப்பு வழியாகப் போய் டிக்கெட் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும். எல்லாம் நன்றாகவே திறந்தன. அச்சடித்தாற்போல மூன்றும் ஒரே வேகம். அவளுக்கு அதில் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

வினை மாமனாருக்கு வந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். முன்னறையில் உட்கார்ந்து நெட்டில் செஸ் ஆடுவார். மருமகள் வேலையைத் தொடங்கியதிலிருந்து அவருடைய காய்கள் நட்டநடுவில் உறைந்து நின்றன. நேரம் ஓடிப்போய் ஆட்டம் கைவிட்டுப் போனது. மருமகளை ஒரு சொல் கடிந்து பேசுகிற ஆள் இல்லை அவர். ஆனால் ஒருநாள், ஜெயிக்கிற ஆட்டமும் அப்படி உறைந்தபோது பொறுமை போய்விட்டது. நேராக உள்ளே வந்து, ரவுட்டரிலிருந்து அவளுடைய வயரைப் பிடுங்கினார்.

"கோவிச்சுக்காதம்மா. இந்த ஒரு ஆட்டம் முடியட்டும், நானே திரும்ப மாட்டிடறேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிடுங்கியது வீட்டு லைனிலிருந்து அவள் கணினிக்கு வரும் வயரை மட்டும். நின்றுபோனதோ மூன்று ஸ்கிரிப்ட்டும்.

"இருக்கட்டும் மாமா, மாட்டாதீங்க. நல்ல காரியம் பண்ணீங்க."

அவர் விழித்தார். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எந்த ஸ்கிரிப்ட்டுக்கு எந்த இணைப்பு என்று அவள் எழுதியிருந்ததற்கெல்லாம் கணினி தலையாட்டிவிட்டு, வெளியே போகும்போது மூன்றையும் பழகிய வீட்டு லைன் வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற இரண்டும் விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா கிடந்தன. மூன்றிலும் நன்றாகத் திறக்கிறது என்று நிறுவனத்துக்கு எழுதவிருந்த அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை என்று நினைத்தபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

மதியமெல்லாம் உட்கார்ந்து, எந்த இணைப்பின் பெயரில் கிளம்புகிறதோ அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை எழுதினாள். பிறகு மாமனாரையே கூப்பிட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னாள். அவர் வெகு உற்சாகமாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கினாரோ அதனுடைய ஸ்கிரிப்ட் மட்டும் நின்றது. வீட்டு லைனில் ஓடுவதை அவர் மதியம் கண்ணயரும் நேரத்துக்குத் தள்ளிவைத்தாள்.

உண்மை மறுநாளே வெளியே வந்தது. சிம் வழியாகப் போனால் பணம் கட்டும் பக்கம் திறக்கவே இல்லை. படகுத்துறையில் நின்று டிக்கெட் எடுப்பவர்கள் எல்லாரும் கைப்பேசியில்தானே எடுக்கிறார்கள். அவள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்து நிறுவனத்தார் கோளாறைச் சரிசெய்தார்கள். மேலாளர் போன் செய்து, கவுன்டரில் சண்டை போட வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, மாதாமாதம் பார்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டார்.

மாமனார் இப்போதும் தோற்கிறார்தான். நெட்டின் மேல் பழி போட வழியில்லாததால், எதிரில் ஆடுகிறவன் திருட்டுத்தனம் பண்ணுகிறான் என்கிறார். அவள் ஆமாம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நான்காவதாக ஒரு லைன் வாங்கலாமா என்று கணவனைக் கேட்டிருக்கிறாள். அவன் சுவரில் எங்கே துளை போடுவது என்று அளந்துகொண்டிருக்கிறான்.