எந்த வேண்டுதல் என்று தெரியாமல் போன சனிக்கிழமை

என் கணவரின் வலது கையில் அவருடைய சரக்கு வேனின் பின்கதவு விழுந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது கொக்கி கழன்றுவிட்டது. மறுநாள் அறுவை சிகிச்சை. இருபத்து மூன்று வருடமாக நாளுக்கு ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்து நான்கே வரிகள்தான் இருக்கின்றன. மூன்றாம் நாள், தணிக்கைக்காக அலுவலகம் வைத்திருந்த சனிக்கிழமை, ஒரே வரி: ‘இவருக்கு விரல்களில் உணர்ச்சி இல்லை, அவள் இன்று விடுப்பு.’

அவள் என்று எழுதியிருப்பது தாலுகா அலுவலகப் பதிவறையில் எனக்கு அடுத்த மேசையில் இருப்பவளை. என்னைவிடப் பத்து வயது இளையவள், கிறிஸ்தவப் பெண். என்னை அக்கா என்றும் இவரை மாமா என்றும் கூப்பிடுவாள்.

கட்டுப் பிரித்த பிறகும் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் சப்பாத்தி மாவைப் பிசையச் சொன்னார்கள். பிசைந்தார். எங்கள் வீட்டில் மூன்று மாதம் தினமும் இரவு சப்பாத்திதான். நான்காவது மாதம் ஒரு காலையில் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றார். ஏழு பொத்தானையும் எண்ணிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அந்த வாரமே டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இனி வண்டி ஓட்டலாம் என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆற்றங்கரை மாதா கோயிலில் எனக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை விடுப்பு எடுத்ததே அதற்குத்தானாம். இப்போது வேண்டுதலைச் செலுத்த வேண்டுமாம். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்து, மூடி, ஜன்னலைப் பார்த்தாள்.

“அழுதுக்கிட்டே எழுதிப் பெட்டியில போட்டேன் அக்கா. மெழுகுவத்தின்னு எழுதினேனா, மாமாவுக்கு மொட்டைன்னு எழுதினேனா... ஞாபகம் இல்லக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன என்று தெரியாத ஒன்றை எப்படிச் செலுத்துவது? திரும்பி வந்த விரல்கள் அதுவரை எங்களுடையவையாக இருந்தன. அந்த நிமிடத்திலிருந்து இரவல் வாங்கியவை போலத் தோன்றின. பாதி செலுத்தி, பாதி விட்டு, நாளைக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது அந்தக் கை மறுபடியும் மரத்துப்போனால்? அன்று மாலை வேன் சாவியை எடுத்து என் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டேன். வேண்டுதல் தீரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கிளம்ப நான்கு வாரம் ஆனது. அவள் நேர்ந்திருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். ஆளுயர மெழுகுவத்தி வேண்டும் என்று இவரைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். வெள்ளித் தகட்டில் ஒரு கை உருவம், வலது கைதானா என்று இரண்டு முறை சரிபார்த்து வாங்கினேன். உப்பு, மிளகு. கடைசியாக மொட்டை. மொட்டை என்றால் மீசையும் சேர்த்து என்று அவள் சொன்னதிலிருந்து இவர் முகம் வாடிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருக்கும் மீசை.

“உங்க ஆபீஸ்ல பைல் தொலைஞ்சா, இருக்கற எல்லாப் பைலையும் அனுப்பிடுவியா?” என்று கேட்டார்.

“தலைமுடி வளந்துடுங்க,” என்றேன்.

“மீசை?”

அதுவும் வளரும் என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்குத் திருக்கோவிலூர் பஸ் பிடித்தோம். மெழுகுவத்தி இருக்கையைவிட நீளம். அவளும் நானும் அதை மடியில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டோம். இவர் டிரைவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்து, வழி முழுக்க கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயில் தென்பெண்ணை ஆற்றின் கரை மேட்டில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, சின்னதாக இருந்தது. அணையில் தண்ணீர் விட்டிருந்ததால் மணலுக்கு நடுவே முழங்கால் அளவு ஓடியது. ஜனங்கள் அதில் மூழ்கி, ஈரத்துணியோடு படியேறி உள்ளே போனார்கள். இவர் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் கோயிலை வலமாக மூன்று சுற்று சுற்றி வந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சூடத்தை எடுத்து, இதை எங்கே ஏற்றலாம் என்று அவளிடம் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மொட்டை போடுகிறவர் ஆற்றோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அலுவலக அறையில் சீட்டு வாங்கி வந்தால்தான் கத்தி வைப்பார். இவரைத் தலையை நனைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு, நானும் அவளும் மேலே போனோம்.

அறையில் உபதேசியார் இருந்தார். சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். சீட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, என்ன வேண்டுதல் என்று கேட்டார். சீட்டில் அதற்கு ஓர் இடம் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். எழுதிப் போட்ட தாள் இங்கே எங்காவது இருக்குமா என்றும் கேட்டேன்.

“பெட்டியில விழற சீட்ட எல்லாம் மாசக் கடைசியில எரிச்சிடுவோம்மா,” என்றார்.

பதிவறையில் வேலை செய்கிறவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் பேனாவை மூடிவைத்தார்.

“ஆனா பூசையில அத நான்தான் வாசிக்கணும். நம்ம ஜனங்க கண்ணீரோட எழுதறது, பாதி எழுத்து அழிஞ்சிருக்கும். நின்னு நின்னு படிச்சா நல்லா இருக்காது. அதனால மொதல்ல நோட்டுல காப்பி பண்ணிக்குவேன். என்னிக்கு எழுதினீங்கன்னு தெரியுமா?”

அவளுக்குத் தேதி ஞாபகம் இல்லை. எனக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமை. என் நாட்குறிப்பில் அவள் விடுப்பு என்று இருக்கிறது. தேதியைச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பீரோவிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். அழகான கையெழுத்து, இடப்பக்கம் சிவப்புக் கோடு, ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம். அந்தப் பக்கம் வந்ததும் மேலும் கீழும் இருந்த மற்றவர்களின் வரிகளை இரண்டு ஸ்கேல் வைத்து மறைத்தார். நடுவில் தெரிந்ததை மட்டும் வாசித்தார்.

“என்னுடன் வேலை செய்யும் அக்காவின் கணவருக்கு வலது கை. பழையபடி வண்டி ஓட்ட வேண்டும், தாயே. ஓட்ட ஆரம்பித்ததும் இருவரையும் ஒரு முறை உம்மிடம் கூட்டிவருகிறேன்.”

அவ்வளவுதான். மொட்டை இல்லை, வெள்ளிக் கை இல்லை, மெழுகுவத்தி இல்லை. அவள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தான் மறந்ததால் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான்கு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். அதை நான் கவனிக்கவே இல்லை. அவள் டிபன் பாக்ஸ் என் மேசைக்கு இரண்டடி தூரத்தில்தான் திறக்கும்.

உபதேசியார் இன்னொரு முறை அந்த வரியைப் பார்த்தார். “வண்டி ஓட்டறாரா இப்ப?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஏன் என்றார். வேண்டுதல் தீரட்டும் என்று சாவியை நான்தான் வைத்திருக்கிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. ஸ்கேலை எடுத்துவிட்டு நோட்டை மூடினார். “அவர் ஓட்டின பிறகுதாம்மா வேண்டுதலே. இன்னிக்கு வந்தத கணக்குல சேக்க முடியாது. சும்மா பாக்க வந்ததா வெச்சிக்கலாம். மெழுகுவத்திய ஏத்திட்டுப் போங்க, அதுக்குக் காரணம் வேணாம்.”

கரைக்கு இறங்கி வந்தோம். இவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கண்ணை மூடி, கல்லில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மொட்டை போடுகிறவர் கத்தியில் புது பிளேடு மாட்டிவைத்திருந்தார். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். இவர் முழுவதும் கேட்டார். இடது கையால் மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப நான் எழுந்துக்கலாமா?”

எழுந்து ஆற்றில் இறங்கினார். ஆழம் போதாததால் உட்கார்ந்தபடி மூன்று முழுக்குப் போட்டார். இது எதற்கு என்று அவள் கரையிலிருந்து கேட்டாள். சும்மா என்றார். மெழுகுவத்தியை மூவருமாகத் தூக்கி நிறுத்தி ஏற்றினோம். அதன் சுடர் சரியாக அவர் உச்சந்தலை உயரத்தில் நின்றது. வெள்ளிக் கையைத் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு பத்துக்குத் திரும்பும் பஸ். இந்த முறை இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலை காய்ந்து முடி குத்திட்டு நின்றது. முன் இருக்கையில் அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

“நாலு வாரமா மாதாவையே காக்க வெச்சிட்டியே,” என்றார்.

சாவியை இடது கையில் வாங்கி, வலது கைக்கு மாற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஊர் வந்து இறங்கும்வரை அந்தக் கையை அவர் திறக்கவே இல்லை.