முள்புதர் என்று நான் எழுதிய இடம்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புதுக்கோட்டை நகராட்சியில் நான் சர்வேயர். மன்னர் காலத்தில் காலராவிலும் அம்மையிலும் இறந்தவர்களுக்காக ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடுகாட்டை ஊர் வளர்ந்து நெருங்கிவிட்டது. அதன் வழியாகப் பாதை போடுவதற்கு முன், புதைத்த இடங்களைக் குறித்து வரைபடம் தரச் சொன்னார்கள்.

முன்பகுதியில் சிக்கல் இல்லை. வசதியானவர்களின் சமாதிகள், பெயர் பொறித்த கருங்கற்கள். பின்னால் கண்மாயை நோக்கிச் சரியும் செம்மண் மேட்டில் கல்லே கிடையாது. அங்கே தலைமாட்டில் கற்றாழை நடுவார்கள். அது தண்ணீர் கேட்காது, ஆடும் கடிக்காது. திருமயம் பக்கம் என் சொந்த ஊரில் என் தம்பியின் தலைமாட்டிலும் அதுதான் நின்றது. ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் ஆபீஸைக் கூட்டும் அம்மாவின் மகள், ஏழு வயதில் அம்மை கண்டு போனவள், அந்த மேட்டில் இருந்தாள். நான் சங்கிலி பிடித்து அளக்கும் இடத்துக்கே அந்த அம்மா வந்து நின்றார்.

“கல்லு நட எங்களுக்கு வக்கில்லைங்கய்யா. அந்தக் கத்தாழையைக் கல்லுன்னு நெனச்சு எழுதிக்கங்க.”

எழுதுகிறேன் என்றேன். ஒவ்வொன்றாக அளந்தால் நான்கு நாள் வெயிலில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கறுத்துப்போயிருவாரே என்று இடுகாட்டில் குழி வெட்டுகிறவர் கேலி செய்தார். அதையே சாக்காக்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தேன். மேடு முழுவதையும் ஒரே கோட்டில் வளைத்து, ‘கற்றாழை, முள்புதர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

விடுப்பு முடிந்து இடுகாட்டுக்குப் போனபோது பாதை வெட்டி, மேட்டையும் அடையாளம் தெரியாமல் சமப்படுத்தியிருந்தார்கள். வெளிவந்த எலும்புகளையெல்லாம் ஒரே குழியில் போட்டு மூடியதாகக் குழி வெட்டுகிறவர் சொன்னார். அந்த அம்மாவிடம் அதை என்னையே சொல்லச் சொன்னார். அவர் பக்கத்தில் இருக்கும்போதே அந்த அம்மா வந்துவிட்டார்.

“எம்புள்ளை எங்கிட்டுங்கய்யா இருக்கு?”

இடுகாட்டு மதிலை ஒட்டி, பாதை தொடாத ஓரிடத்தைக் காட்டினேன். “அங்கிட்டுத்தான். ஒண்ணும் ஆகலை.”

குழி வெட்டுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அளந்தவுக சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அங்கே புதிதாக ஒரு கற்றாழை நட்டார்.

அறுபதுகளில் அந்த ஊரை விட்டுப் போகும்வரை அந்தப் பாதையில்தான் சைக்கிளில் வீடு திரும்பினேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் அந்த வெறும் மண்ணருகே உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிடுவார். நானும் ஒரு கையைத் தூக்கிவிட்டு, பெடலை வேகமாக மிதிப்பேன்.