தொம்மலூர் முனையில் இரண்டு வண்டிகள்

வியாழன். சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பெங்களூரு வண்டி புறப்பட்டது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வருகிற சந்தோஷத்தை என் வயதுக்காரர்கள் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் முனகிக்கொண்டு ஏறின, எங்கள் ஓட்டுநர் அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்த் தன் மனக்குறையைத் தீர்த்துக்கொண்டார்.

நான் போனது என் தம்பி முகுந்தனைப் பார்க்க. அவன் பெங்களூரில் ஒரு கட்சியில் இருக்கிறான். கட்சி என்றதும் கொடி கட்டிய காரையும் மாலை மரியாதையையும் நினைத்துவிட வேண்டாம். நகரம் முழுவதும் தேடினாலும் அவர்களுடைய ஆட்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். நல்ல கம்பெனி உத்தியோகத்தைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு இவன் இதற்குப் பின்னால் அலைகிறான் என்பதுதான் எங்கள் வீட்டின் நிரந்தரக் கவலை. அங்கே என்னதான் செய்கிறான் என்று பார்த்துவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பியிருந்தாள். ஒற்றர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரியில் ஏறிய பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்தார். பொம்மசந்திராவில் மாத்திரை பேக்கிங் வேலை. தம்பியின் கட்சியைப் பற்றிச் சொன்னேன். ஜெயித்திருக்கிறார்களா என்று கேட்டார். நின்ற இடத்திலெல்லாம் டெபாசிட் போனதைச் சொன்னேன். "அப்பறம் எதுக்குக்கா?" என்றார். அத்திப்பள்ளி சுங்கச்சாவடி நெரிசலைக் கடந்து பொம்மசந்திராவில் அவர் இறங்கும்வரை மாத்திரைகளைப் பற்றியே பேசவைத்தேன்.

சில்க் போர்டில் இறங்கியபோது மணி பத்தேகால். அங்கிருந்து தொம்மலூர் எட்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவில் முக்கால் மணி நேரம் பிடித்தது. ஓட்டுநர் தமிழர், பேச்சில் பாதி கன்னடம். அவரும் கட்சி எது என்று கேட்டார். அவரவர் வாழ்க்கையை அவரவர் தீர்மானிக்க வேண்டும், யாருக்கும் கெடுதல் இல்லாத தொழிலை யாரும் தடையில்லாமல் செய்யலாம், அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலையவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கொள்கை என்று தம்பி சொல்லிக் கேட்டதை ஒப்பித்தேன்.

"நம்மள சும்மா வுட்டா போதும்னு சொல்ற கட்சியா? ஒள்ளே கட்சி, நல்ல கட்சிதான் மேடம். ஆனா ஓட்டு கேக்க வர்றவன் ஏதாச்சும் குடுக்கறேன்னு சொல்லணும்ல?" என்றார்.

கட்சி ஆபீஸ் ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில் இருந்தது. ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு தலைவர் படம்கூட இல்லை, காலண்டர் மட்டும் தொங்கியது. முகுந்தன் இளைத்திருந்தான். அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டவன் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே தேவகியின் கதையை ஆரம்பித்துவிட்டான். சிறு வயதிலும் இப்படித்தான், பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே யார் யாரை அடித்தார்கள் என்று சொல்வான்.

தேவகி அந்தத் தெரு முனையில் இட்லி வண்டி போடுகிறவர். குடும்பம் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் அவர் பிறந்தது தொம்மலூரிலேயே, பழைய கோயிலுக்குப் பின்புறச் சந்தில். அவருக்குப் பக்கத்திலேயே நாகராஜ் என்பவரின் பழவண்டி. இரண்டும் பல வருடங்களாக அங்கே நிற்பவை. தெருவில் கார் நிறுத்த இடமில்லை என்று குடியிருப்போர் சங்கம் புகார் கொடுக்க, போன வாரம் மாநகராட்சி ஆட்கள் இருவரையும் முனையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வண்டிகளுக்காகவும் கட்சி மனு போட்டிருந்தது. மறுநாள் காலை வார்டு அலுவலகத்தில் விசாரணை. அந்த முனை திரும்பக் கிடைத்தால்தான் இருவருக்கும் பிழைப்பு.

அன்று மாலை கூட்டம். எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு பேர் நின்றுகொண்டே பேசினார்கள். இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் வா என்று சொல்ல மாட்டார்கள். வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்றுதான் சொல்வார்கள். ஒருவருடைய நேரம் அவருடையது, அதன்மேல் கட்சிக்கு உரிமை கிடையாதாம். கேட்க அழகாகத்தான் இருந்தது. நாகராஜும் வந்து ஓரமாக நின்றார். நாளைக்கு அவசியம் வரவேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். "நிம்மிஷ்டா" என்றான் முகுந்தன். உங்கள் இஷ்டம். அவசியம் வாருங்கள் என்று சொல்லிவிட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் ஒற்றருக்கு வாய் திறக்க அனுமதியில்லை.

வெள்ளி. பதினோரு மணிக்கு வார்டு அலுவலகம். கட்சியிலிருந்து வந்தது முகுந்தனையும் சேர்த்து மூன்று பேர். மற்றவர்கள் போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். தேவகி பளிச்சென்ற மஞ்சள் புடவையில் வந்திருந்தார். நாகராஜைக் காணவில்லை. மாம்பழ லோடு வந்திருக்கிறது என்று மார்க்கெட்டுக்குப் போய்விட்டாராம், போனையும் எடுக்கவில்லை. இஷ்டம் என்று சொன்னால் மனிதன் மாம்பழத்துக்குத்தானே போவான்.

அதிகாரி நிதானமானவர். எங்கள் எல்லோரையும் உட்காரச் சொன்னார். சங்கத்துக்காரர்கள் இறங்கி வந்திருப்பதாகவும் ஒரு வண்டிக்குச் சம்மதிப்பதாகவும் சொன்னார். காலை டிபன் வண்டி மட்டும், அதுவும் பத்தரை மணிவரை. தெருவில் வேறு எந்த வண்டியும் கூடாது. இதற்கு ஒப்புக்கொண்டு மனுவைத் திரும்பப் பெற்றால் தேவகிக்கு இப்போதே உத்தரவு போட்டுவிடலாம் என்றார். பழவண்டிக்காரர் எங்கே என்றும் கேட்டார்.

முகுந்தனின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒருவருக்கு மட்டும் தெருவை எழுதிவைப்பதைத்தான் அவன் இத்தனை வருடம் எதிர்த்து வந்திருக்கிறான். வேண்டாம் என்றால் தேவகியின் பிழைப்பு போகும். சரி என்றால் நாகராஜின் பிழைப்பு போகும். நாகராஜ் இங்கே இல்லாததற்குக் காரணம் இவனுடைய அந்த ஒற்றை வார்த்தை.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தோம். தேவகியிடம் அவன் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். தனக்கு இதில் சம்மதமில்லை என்பதையும் சொன்னான். ஆனால் முடிவு அவருடையது, எதை எடுத்தாலும் தடுக்க மாட்டேன் என்றான். தேவகி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் எடுத்துக்கறேன் சார். அவரு தள்ளுவண்டிய தள்ளிக்கினு எங்க வேணா போவாரு. அடுப்பு, தண்ணி, இட்லிப் பானை, இதெல்லாம் தூக்கிக்கினு நான் எங்க போறது? தப்புன்னு தோணுதுதான். ஆனா வுட மாட்டேன்."

முகுந்தன் தலையை ஆட்டினான். உள்ளே போய், தேவகி தன் பங்கை மட்டும் திரும்பப் பெறுகிறார், நாகராஜின் பங்கு அப்படியே நிற்கிறது, அதைத் திரும்பப் பெறத் தனக்கு உரிமையில்லை என்று அதிகாரியிடம் சொன்னான். அவர் இவனைச் சற்று விநோதமாகப் பார்த்துவிட்டு, தேவகிக்கு உத்தரவு போட்டுக் கொடுத்தார்.

அன்று பிற்பகல் அவன் நாகராஜைத் தேடிப் போனான், நானும் கூடப் போனேன். பஸ் டிப்போவுக்கு எதிரே வெயிலில் நின்றிருந்தார். வண்டி நிறைய மாம்பழம், வாங்க ஆள் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, நேற்று கட்டாயம் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு என்றான் முகுந்தன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. தேவகி மேல் வருத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எனக்கு மூன்று பழம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். திரும்பும்போது முகுந்தன் மனுக் காகிதப் பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. நாற்பது வயதுத் தம்பியின் தலையை நடுரோட்டில் எப்படித் தடவுவது? பையை நான் வாங்கிக்கொண்டேன்.

சனி. ஊருக்குக் கிளம்பும் நாள். காலை ஏழு மணிக்குத் தெரு முனைக்குப் போனோம். தேவகியின் வண்டி நின்றது, ஆவி பறந்தது, நல்ல கூட்டம். பக்கத்தில் பழவண்டியின் இடம் காலியாக இருந்தது, ஒருவரும் அங்கே நிற்காமல் தள்ளியே நின்று சாப்பிட்டார்கள். நான்கு இட்லி நாற்பது ரூபாய். சேலத்தைவிட விலை அதிகம், ஆனால் இட்லி பஞ்சு. முகுந்தன் தட்டை வாங்கிக்கொண்டு, கூட்டம் குறையும்வரை காத்திருந்து அவரிடம் சொன்னான்.

"தேவகிக்கா, நாகராஜுக்காகத் திங்கக்கிழமை மறுபடியும் போறேன். இந்த முனைல அவருக்கும் இடம் வேணும்னு கேப்பேன். உங்க உத்தரவ எதிர்த்துத்தான் பேசணும். உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரல."

தேவகியின் கரண்டி நின்றது. போயும் போயும் சாப்பிடும்போதா சொல்ல வேண்டும் என்று தம்பிமேல் எனக்கு எரிச்சல் வந்தது.

"போங்க சார். நானும் வருவேன். வேணாம்னு சொல்லுவேன். என் பாடு எனக்கு" என்றார். அவன் தட்டைப் பார்த்தார். "சட்னி தீந்து போச்சு பாருங்க, தட்ட காட்டுங்க."

அவன் தட்டை நீட்டினான். அவர் தாராளமாகவே ஊற்றினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

சாந்தி நகரில் பத்து மணிக்கு சேலம் வண்டி. ஓசூர் தாண்டியதும் அம்மா போன் செய்தாள், அவன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான், வேலை இருக்கிறது, கூப்பிட்டாலும் வரமாட்டான், நீயும் கூப்பிடாதே என்றேன். போனை வைத்த பிறகும் தேவகி ஊற்றிய சட்னியே நினைவில் நின்றது.

எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் கடையைப் பிரித்துக்கொண்டபோது ஒருவரை எதிர்த்து ஒருவர் பேசினார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதன்பிறகு சித்தப்பா எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை, அப்பா போன அன்றும் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டுவிட்டு, அப்புறம் வழக்கை நடத்தலாம் என்று அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.