அக்காவுக்கு நடக்காத ஆபரேஷன்

பித்தப்பையில் கல் இருக்கிறது, பையோடு எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு என் உயிரைப் பற்றிய கவலை வரவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற கவலைதான் வந்தது. வெளியே வந்து, மருந்துக்கடை வாசலில் நின்றபடி என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன்.

"ஆபரேஷன் உனுக்கா, உங்கம்மாவுக்கா?" என்றார். காரணம் தெரிந்த மனுஷன்தான். இருந்தாலும் கேட்டார்.

வலி முதலில் வந்தது பஸ்ஸில். மாமல்லபுரத்தில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை. ஈ.சி.ஆர். ஓட்டல்களுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைக்கிறோம். தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். முந்தின நாள் திருவிடந்தையில் ஒரு கல்யாண வரவேற்பில் பிரியாணியை ஒரு கை பார்த்திருந்தேன். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகு வரை போய்க் குடைந்தது. மூச்சை இழுக்க முடியவில்லை. அந்த பஸ்ஸில் டிக்கெட் வாங்கிய எல்லோருமே டாக்டர்கள். "வாய்வும்மா, ஒண்ணியும் இல்ல" என்று ஓர் அம்மாள் என் கையில் ஓமத்தைக் கொட்டினாள். கண்டக்டர் சோடா குடிக்கச் சொன்னார். ஓமத்தை மென்று, இறங்கியதும் சோடாவைக் குடித்து, ஏப்பம் விட்டுவிட்டுப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். வாய்வு இல்லை என்று எனக்குத் தெரியும். இதே இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு என் அக்கா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

அக்காவைப் படாளத்தில் கொடுத்திருந்தோம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவளுக்கும் இதே கல்தான். எடுத்துவிடச் சொல்லி அவளுக்கும் ஒரு டாக்டர் சொன்னார். அம்மா அப்போது செய்யூர் பக்கம் எங்கள் ஊரில் தனியாக இருந்தாள். செய்தி கேட்டதும் கொல்லையில் வாழைத்தண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் மாறிப் படாளத்துக்குப் போனாள். வாழைத்தண்டுச் சாறு குடித்தே சிறுநீரகக் கல்லைக் கரைத்துக்கொண்டதாகச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அங்கே கரைவது இங்கே கரையாதா என்பது அம்மாவின் கணக்கு. இடித்துப் பிழிந்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் அக்காவுக்குக் கொடுத்தாள். "கத்தி வெக்காம போவுதா இல்லியா பாரு" என்றாள்.

வலி நின்றுவிட்டது. மாதக்கணக்கில் வரவே இல்லை. அந்தக் கல் அப்படித்தான், இருக்கிற இடம் தெரியாமல் சும்மா கிடக்கும் என்பதெல்லாம் நாங்கள் பின்னால் தெரிந்துகொண்டது. அக்காவுக்கு ஆபரேஷன் என்றாலே உதறல். அந்தப் பயத்துக்குச் சாறு வசதியாக இருந்தது. "அம்மா கை மருந்துடி" என்று என்னிடம் போனில் பெருமை பேசினாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, அவளைக் காரில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தார். கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டு சீழ் வைத்திருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இது அடங்கினால்தான் பையை எடுக்க முடியும் என்றார் டாக்டர். அடங்கவில்லை. அக்கா ஆபரேஷன் தியேட்டருக்குள் போகவே இல்லை.

சாவு வீட்டில் யாரோ மாமாவிடம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "ஆபரேஷனுக்கு இட்டுகினு போனோம். வூட்டுக்கு வரல" என்று சொல்லி அழுதார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பந்தலைத் தாண்டித் தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள், ஆபரேஷனில் செத்துப்போனாள் என்று ஆகிவிட்டது. அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு வவுத்த அறுத்துக் கொன்னுட்டானுங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். இல்லம்மா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாமா வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் நினைத்தது எனக்கும் புரிந்தது. அறுக்கவில்லை என்றால், பிறகு எப்படிச் செத்தாள் என்று அம்மா கேட்பாள். அதற்கு எங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு எந்தத் தாய் சோறு தின்பாள்?

அதற்குப் பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியைத் திட்டுவது அவளுக்கு பி.பி. மாத்திரை மாதிரி, தினம் வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், "இன்னொன்ன அறுக்க இஸ்துகினு போறானுங்க" என்பாள். திட்டி முடித்த பிறகு இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிடுவாள். நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்போது அந்தக் கல் எனக்கு. ஆபரேஷனில் நான் செத்துப்போனால் அம்மா சொன்னது சரி என்றாகும். பிழைத்து வந்தால்? பையை எடுத்துவிட்டு நான் நடந்து வந்து நின்றால், அக்காவும் இப்படி வந்திருப்பாளே என்று அம்மாவுக்கு விளங்கிவிடும். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, என்னைப் பார்த்தாலே போதும். பிழைத்துவிடுவோமோ என்று பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சொல்லாமலே ஓட்டப் பார்த்தேன். அடுத்த வலி வீட்டிலேயே, அம்மாவின் கண்ணெதிரிலேயே வந்தது. தரையில் சுருண்டு கிடந்தேன். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் சமையலறையில் இடிக்கிற சத்தம். மார்க்கெட் வரை நடந்தே போய் வாழைத்தண்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"குடிம்மா. அவளுக்கு இதான் கேட்டுகினு இருந்துச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிதான் கெடுத்துட்டானுங்க."

வாங்கிக் குடித்தேன். அடுத்த நாளும் குடித்தேன். அதற்கடுத்த நாளும். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அறிவு கீதா உனுக்கு? கூடவே இருந்து பாத்தவதான நீ?" என்று கத்தினார். அறிவெல்லாம் இருந்தது. ஆனால் நான் குடித்து முடிக்கிற வரைக்கும் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். போன தடவை கைநழுவிப் போனதை இந்தத் தடவை பிடித்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கடைசியில் என்னைக் கிளப்பியது என் பெண். காலேஜில் படிக்கிறாள். தினமும் கிளம்பும்போது என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். "தூசி கீதும்மா" என்பாள். எனக்குத்தான் புரிய நாளாயிற்று. தினமும் எங்கேயிருந்து தூசி வரும்? பெரியம்மாவின் கண் மஞ்சளானதைப் பார்த்த பெண் அவள். ஒருநாள் நானே கேட்டேன், "மஞ்சளா கீதா?" என்று. "இன்னும் இல்லம்மா" என்றவள், பையைக் கீழே போட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றைக்கு அம்மா நீட்டிய தம்ளரை நான் வாங்கவில்லை. "எடுத்துடப் போறேம்மா" என்றேன். அம்மா அந்தச் சாற்றைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அட்மிஷனுக்குக் கிளம்பும்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "போய்ட்டு வரேம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், தூங்கினேன், எழுப்பினார்கள். மறுநாள் இட்லி சாப்பிட்டேன். அதற்கடுத்த நாள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானே படியேறினேன்.

என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் நகர்ந்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நைட்டியை மெல்ல விலக்கினாள். விலாவிலிருந்து தொப்புள் வரைக்கும் தேடினாள்.

"எங்கடி அறுத்தாங்கோ?"

தொப்புளுக்கு மேலே ஒரு பிளாஸ்திரி. வலது பக்கம் சின்னச் சின்னதாக இன்னும் கொஞ்சம். காட்டினேன்.

"இவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"இவ்ளோதாம்மா" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "எனுக்கு சின்ன கல்லும்மா. அக்காவுக்குப் பெருசு. அவளுக்கு இப்டிலாம் பண்ண முடியாது" என்று அவசர அவசரமாக அள்ளிவிட்டேன். அம்மா நான் சொல்லி முடிக்கிற வரை கேட்டாள். அவள் கண் பிளாஸ்திரியை விட்டு நகரவில்லை.

"அவளும் வந்திருப்பா, இல்ல?"

நான் நைட்டியை இழுத்துப் பிளாஸ்திரியை மூடப்போனேன்.

"எங் கையாலதான்டி குடுத்தேன்" என்றாள் அம்மா. குரல் எழும்பவே இல்லை. எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். தையல் இழுத்தது, தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. அம்மா என் நைட்டியை இழுத்துச் சரியாக மூடிவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உயிரோடு திரும்பி வந்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு.