புஷ்பவள்ளியின் தாய் வித்து

திருவந்திபுரத்தில் காளான்காரம்மா என்று கேட்டால்தான் புஷ்பவள்ளி வீட்டைக் காட்டுவார்கள். 2007-இல் காளான் பயிற்சிக்குப் போன இடத்தில் கூடப் படித்த சிதம்பரத்து மலர்க்கொடி அவளுக்கு உயிர்த்தோழியானாள்.

நாம் பறித்துச் சமைப்பது பூ மாதிரிதான், காளானின் உயிர் உள்ளே ஓடும் வெள்ளை நூலில் இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். மறு வருஷம் மழையில், கெடில ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தில் இளஞ்சிவப்புக் காளான் பூத்திருந்தது. புஷ்பவள்ளி கட்டையைப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே முழுக்க அந்த நூல். அவ்வளவு பெரிய மரத்தை அதுதான் தின்று மண்ணாக்கிக்கொண்டிருந்தது.

ஒரு காளானைக் கிள்ளி வந்து, அதன் சதையிலிருந்து நூலை வளர்த்து, புட்டியில் அடைத்த வேகவைத்த சோளத்தில் ஏற்றினாள். பதினேழு முறை பச்சைப் பூசணம் பிடித்தது. அடுத்த முறை சோளம் பஞ்சாக வெளுத்தது. அதுதான் எல்லாப் பைக்கும் விதையாகும் அவளுடைய தாய் வித்து. மற்றவர்களின் காளான் சுருண்டுபோகும் சித்திரை வெயிலிலும் அது வைக்கோல் பையில் கொத்துக்கொத்தாகப் பூத்தது. பறித்து முடிந்த வைக்கோலைக் கத்தரித் தோட்டத்துக்காரர்கள் எருவுக்குக் கேட்டு வாங்கினார்கள்.

2011 கடைசியில், பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த வித்தில் இரண்டு புட்டியை மலர்க்கொடியிடம் கொடுத்து வைத்தாள். அதே மாசம் வந்த ‘தானே’ புயலில் அவளுடைய காளான் கொட்டகை சரிந்தது. ஒரு புட்டிகூட மிஞ்சவில்லை. ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்டதும் சிதம்பரம் ஓடினாள். இரண்டும் கெட்டுப்போய்த் தூக்கிப்போட்டாச்சு என்று மலர்க்கொடி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புஷ்பவள்ளிதான் அவளைத் தேற்றிவிட்டு வந்தாள்.

அடுத்த சித்திரையில் கடலூரில் விவசாயக் கண்காட்சி. ஒரு கடையில் இளஞ்சிவப்புக் காளான் பூத்த பைகள் தொங்கின. மேலே மலர்க்கொடி பெயர். கீழே ‘எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு’.

“கெட்டுப்போச்சுன்னியே, மலரு.”

மலர்க்கொடி நிமிரவில்லை. “குடுத்திருந்தா மறுபடியும் நீதான முன்னால நிப்ப. நான் எப்பவும் உன் பின்னாலயே வரணுமா?” பையிலிருந்து ஒரு காளான் கொத்தைப் பறித்து நீட்டினாள். “வேணும்னா எடுத்துட்டுப் போ.”

அதில் ஒன்று போதும், திரும்ப எல்லாவற்றையும் வளர்த்துவிடலாம். புஷ்பவள்ளிக்கு அது தெரியும். ஆனால் கை நீளவில்லை. புட்டி போனதைவிட, அன்றைக்கு மலர்க்கொடி அழுத அழுகையும் பொய்யாகிப் போனதுதான் நெஞ்சை அறுத்தது.

புகார் கொடுக்கலாம் என்றார் கணவர் தில்லைநாதன். “ஆத்தங்கரையில தானா மொளச்சத என்னுதுன்னு எப்படிங்க நிரூபிக்கிறது?” என்றாள்.

ஐப்பசியில் வேறு ஊரிலிருந்து சாதாரண வெள்ளைக் காளான் வித்து வாங்கி, மறுபடி பை கட்டினாள். மலர்க்கொடி இரண்டு முறை போன் பண்ணினாள். எடுக்கவில்லை.