அப்பா நம்பருக்கு மட்டும் அனுப்பாதே

யுவராணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி கத்தினால் பயம், பஸ்காரன் ஹாரன் அடித்தால் பயம். மேனேஜர் ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டு அடுத்த வரிக்குக் கொஞ்சம் தாமதித்தால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். இப்பேர்ப்பட்டவள் போயும் போயும் புரோகிராம் எழுதும் வேலையைப் பிடித்தாளே, அவளை என்னவென்று சொல்ல!

கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏசியில் உட்கார்ந்து காபி குடிப்பது என்று ஊரில் நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. அந்த வேலையில் பயத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஓடுகிற புரோகிராமைத் தொடப் பயம், தொட்ட பிறகும் அது ஓடினால் அதைவிடப் பயம். வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனியில் ஒருவரும் எதையும் மாற்ற மாட்டார்கள், தீட்டு மாதிரி. எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருத்தர் எழுதிய பகுதி ஒன்று உண்டு. அதன் தலையில், ‘இந்தப் பக்கம் வராதீர்கள். நான் வந்தேன், முடி கொட்டிவிட்டது’ என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். இன்றுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

கம்பெனி பெங்களூரில். நாங்கள் இருவரும் காரிமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறோம். ஒயர் இழுத்த நல்ல இணையம் அவள் வீட்டில்தான் இருக்கிறது. அதனால் காலையில் மூஞ்சி கழுவியதும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். அவள் எழுதுவாள், அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம். இதையே சம்பளமில்லாமல் செய்கிற பெண்கள் எங்கள் தெருவில் நிறைய இருக்கிறார்கள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது யானை எச்சரிக்கை. காட்டோரத்தில் யானையைப் பார்க்கிறவர் தன் போனில் ஒரு பட்டனை அழுத்தினால், அந்தப் பக்கத்து ஊர்களில் பதிவு செய்த எல்லா நம்பருக்கும் அழைப்பு போகும். ‘யானை வந்துகொண்டிருக்கிறது, வயலில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும்’ என்று ஒரு பெண் குரல் சொல்லும். ராகி முற்றுகிற மாதங்களில் எங்கள் பக்கம் இது உயிர் சமாச்சாரம்.

இப்படி ஒன்றை எழுதினால் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நம்பர் வேண்டும். தன் நம்பரைப் போட்டால் வேலை கெடும். எனவே எங்கள் ஆட்கள் எல்லோரும் வீட்டில் இளிச்சவாயர் யாரோ அவர்கள் நம்பரைப் போடுவார்கள். யுவராணி தன் அப்பா நம்பரைப் போட்டாள். அவர், அதாவது சென்றாயன் மாமா, ஏர் ஓட்டும்போது யானை வந்தது, முடி வெட்டும்போது யானை வந்தது, சாவு வீட்டில் மாலை போடும்போதும் வந்தது.

ஒருநாள் மாமா மாடியேறி வந்தே விட்டார். “ஏம் பாப்பா, யானைதான் எத்தினி வாட்டி வரும்? சாணி போடக்கூட நேரமில்லாம வருதே! இன்னொரு வாட்டி அந்தப் பொம்பள பேசுனா போனத் தூக்கி கெணத்துல போட்டுருவேன்.”

மாமா கோபப்பட்டால் யுவராணி தாங்க மாட்டாள். அவர் இறங்கிப் போவதற்குள் புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டாள்: இந்த நம்பருக்கு மட்டும் அனுப்பாதே. பக்கத்தில், ‘அப்பா திட்டுகிறார், தற்காலிகம்’ என்று குறிப்பும் எழுதினாள். எங்கள் தொழிலில் தற்காலிகம் என்று எழுதிய எதையும் யாரும் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும், இதை வைத்து எத்தனையோ ஜோக்கும் போட்டிருக்கிறோம். எங்கள் குழுவில் பிரபாகர் என்று ஒருத்தன், பாலக்கோட்டுப் பக்கத்துக்காரன், அவனும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறான். எது உடைந்தாலும் மறு நொடியில் கேலிப்படம் போடுவான். சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

தை பிறந்த கொஞ்ச நாளில் இந்த எச்சரிக்கை ஊர்களுக்கு வந்தது. எல்லோரும் பதிவு செய்தார்கள், மாமாவும்தான்.

ஒருநாள் சாயங்காலம், வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. யுவராணியின் அம்மா பால் ஊற்றப் போயிருந்தார். மாமா ராகிக் காவலுக்குக் காட்டு வயலுக்குப் போய்விட்டார். திடீரென்று என் போன் அடித்தது, கூடவே அவள் போனும். எடுத்தால் அதே பெண் குரல்: யானை வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் மணி அடித்தது, எதிர் வீட்டில் அடித்தது, தெரு முழுக்க அடித்தது.

“ஓடுதுடி கவி! நெசமாவே ஓடுதுடி!” என்று யுவராணி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, யானை வருகிறது என்பதே எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. புரோகிராம் ஓடிய சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

அப்புறம் அவள் திரையைத் திறந்தாள். ஒவ்வொரு நம்பருக்கு எதிரிலும் ‘போய்ச் சேர்ந்தது’ என்று பச்சையாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில், ‘விடப்பட்டது’ என்று இருந்தது.

“இது யாரு நம்பருடி?” என்று கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கிற வாய், சும்மா இருக்குமா?

அவள் உதடு வெளுத்துப்போய்விட்டது. “அப்பா” என்றாள். நம்பரை அழுத்தினாள். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்றது. மறுபடி அழுத்தினாள், அதேதான். எச்சரிக்கை வந்ததும் ஊரே ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இருப்பது ஒரே டவர். என் போனில் போட்டேன், போகவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், வயலில் நிற்கிற அந்த ஒரு மனிதருக்குத் தெரியாது.

செருப்புக்கூடப் போடாமல் அவள் ஸ்கூட்டியை எடுத்தாள். பின்னால் ஏறிக்கொண்டேன். எதிரே வந்த சனம் எல்லாம் ஊரைப் பார்த்து ஓடி வந்தது, நாங்கள் மட்டும் காட்டைப் பார்த்துப் போனோம். “எங்கப்பாவப் பாத்தீங்களா? எங்கப்பாவப் பாத்தீங்களா?” என்று அவள் கத்திக்கொண்டே ஓட்டினாள். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

வரப்பு ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மாமா நடு வயலில் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குளிருக்குக் காதை மூடி மப்ளர் சுற்றியிருந்தார். ஏதோ பாட்டு முனகுவது கேட்டது. அவருக்கு இடது பக்கம், வேலியை ஒட்டி, ராகிக் கதிர்கள் அசைந்தன. காற்றே இல்லை.

பிறகுதான் தெரிந்தது. ஒற்றை ஆண் யானை. கதிரைக் கத்தையாகப் பிடுங்கி, மண்ணைக் காலில் தட்டி உதறி, நிதானமாக வாயில் வைத்தது. மாமாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு களத்துமேடு அகலம்தான் இருக்கும். கத்தினால் அது மிரண்டு அவர் மேலேயே பாயும், கத்தாவிட்டால் அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே அதனிடம் போய்விடுவார். ‘தாயே, தாயே’ என்று குலதெய்வத்தைக் கும்பிட்டேன், பெயர்கூட வாயில் வரவில்லை.

பல்லிக்குப் பயப்படுகிறவள் வயலில் இறங்கினாள். அழுதுகொண்டுதான் போனாள், சத்தம் மட்டும் வரவில்லை. வெறுங்காலோடு ராகித் தாளை விலக்கி விலக்கி நடந்து, மாமாவின் கையைப் பிடித்தாள். அவர் திட்டுவதற்காகத் திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். குழாயை மெதுவாகக் கீழே விட்டார். யானை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. காது விரிந்தது. மாமா அவளைத் தனக்கு முன்னால் தள்ளி, யானையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் அடி வைத்து வந்தார். அப்படியே இருவரும் வரப்பில் ஏறிவிட்டார்கள்.

யானை பிறகு பாலக்கோட்டுப் பக்கம் திரும்பி நடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மாமாவுக்கு ஒரே குஷி. வாசலில் கூடியவர்களிடம் மார்தட்டிக்கொண்டார். “ஒங்களுக்கெல்லாம் மெசின் சொல்லுச்சு. எனக்கு எம் பொண்ணு நேர்ல வந்து சொல்லுச்சு! அப்பனுக்கு எதுக்கு மெசினுன்னு எனக்கு மட்டும் அனுப்பாம வுட்டுட்டா, பாத்தீங்களா!”

யுவராணி அதைக் கேட்டு உடைந்துவிட்டாள். எல்லோரும் போன பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். “இல்லப்பா. நீ அன்னிக்குத் திட்டுனியே, அதுக்குப் பயந்துட்டு ஒன் நம்பர நான்தான் வெட்டி வுட்டேன். அப்புறம் மறந்தே போயிட்டேன்பா. தெரையில ஒன் நம்பரு வரி மட்டும் சாம்பலா நின்னதப் பாத்துதான் ஓடியாந்தேன்.”

“அப்ப, நீ அந்தச் சாம்பலு வரியப் பாக்காம இருந்திருந்தா?”

“வந்திருக்க மாட்டேன்.”

மாமா சொம்புத் தண்ணீரை எடுத்தார். குடிக்காமலேயே திரும்பக் கீழே வைத்தார். அவர் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

“ஒங்க ஆபீசுல வேல செய்யறவங்களுக்கெல்லாம் வூட்ல திட்டற ஆளுங்க இருப்பாங்க இல்ல பாப்பா?”

எனக்கு முதலில் புரியவில்லை. யுவராணிக்குப் புரிந்துவிட்டது. ஒரே தாவில் மாடியேறினாள். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் குழு அழைப்பில்தான் இருந்தார்கள், முதல் எச்சரிக்கை வெற்றி என்று ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரபாகர் யானைக்கு மாலை போட்ட கேலிப்படம் ஒன்றை அப்போதுதான் போட்டிருந்தான்.

“யார் யாரு, யாரோட நம்பருக்கு அனுப்பாதேன்னு எழுதி வெச்சிருக்கீங்க? சொல்லுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறேன்” என்றாள். மாமாவின் கதையைச் சொன்னாள்.

வழக்கமாக ஒரு நொடியில் ஏதாவது நக்கல் வந்து விழும், எதுவும் வரவில்லை. ஒரே ஒருத்தன் மைக்கைத் திறந்தான். பிரபாகர்.

“அது இப்ப எந்தப் பக்கம் போவுது?” என்று கேட்டான்.

“பாலக்கோட்டுப் பக்கம்” என்றாள் யுவராணி.

“எங்கம்மா களத்துல இருப்பாங்க” என்றான். நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அவன் மைக்கில் யாரும் இல்லை.