தண்ணீர் டேங்க் சொன்ன சலாம்

ஆளில்லாத வீட்டைப் பேச வைப்பது என் தொழில். பேசத் தொடங்கிய வீட்டைச் சமாளிப்பதில்தான் என் காலம் கழிகிறது. ரவுட்டரில் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள், ஆகையால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். மோட்டர், கேட், விளக்கு எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்து வைத்திருக்கும் வீடுகள் எங்கள் மாத்தளையிலும் இப்போது உண்டு. அந்தப் பெட்டிக்குள் அட்-ஒன் என்று ஒரு துணை மென்பொருளை ஏற்றினால், டேங்க் நிறைந்தது, கேட் திறந்தது என்று வீடே உங்கள் போனுக்கு மெசேஜ் போடும். தோஹாவில் ஒன்பது வருடம் இந்த மாதிரி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். கொஞ்ச நாளில் பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டது. புத்தாண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் பத்து வீடு பிடித்தால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் பிளேன் ஏறுவது என்று மனைவி ரீட்டாவிடம் சொன்னேன்.

நாற்பத்திமூன்று பதில்கள்

முதல் வீடு உக்குவளையில், மிளகும் கராம்பும் வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியாருடையது. கூட்டிப்போனவன் நிலாம், என்னோடு வேலை செய்யும் வயர்மேன், அதே ஊர்க்காரன். 'டேங்க் நிறைந்துவிட்டது' என்று ஒரு மெசேஜ் அனுப்பிக் காட்டினேன். ஹாஜியார் முகத்தைச் சுளித்தார். வாசலுக்கு வருகிறவன் சலாம் சொல்லாமல் விஷயத்துக்குப் போவானா என்று கேட்டார். நியாயம்தானே? எல்லா மெசேஜுக்கும் முன்னால் 'அஸ்ஸலாமு அலைக்கும்' சேர்த்தேன்.

சேர்த்தது சரி. யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில், அவர் பேருக்குப் பதிலாக அவருடைய குடும்ப குரூப்பைத் தொட்டுவிட்டேன். பின்னேரம் டேங்க் நிறைந்தது. ரியாத், துபாய், அக்குறணை என்று நாற்பத்திமூன்று பேருக்குச் சலாம் போனது. சலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடலாமா? நாற்பத்திமூன்று பேரும் சொன்னார்கள். கேட் திறந்ததும் இன்னொரு நாற்பத்திமூன்று. முதல் வீடே போச்சு! ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். ஹாஜியார் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "கொஞ்சம் இருங்க தம்பி. ரெண்டு வருஷமா என்னோட பேசாத மச்சான் தண்ணி டேங்குக்கு சலாம் சொல்லியிருக்காரு. இனி நானும் ஒரு வார்த்தை பேசாம இருக்க ஏலாது."

நாவுலையில் ஒரு பொய் குறைந்தது

அந்த குரூப்பிலிருந்தே மூன்று வீடு கிடைத்தது. ஐந்தாவது, நாவுலையில் வெங்காயமும் கத்தரியும் போடும் செல்வராஜ் அண்ணன் வீடு. காலை எட்டு மணிக்கும் தோட்டத்து மோட்டர் ஓடவில்லையென்றால் மெசேஜ் வர வேண்டும். அவர் மனைவியான அக்கா தன் போனுக்கும் கேட்டார்; போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை அண்ணன் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வீட்டுக்குப் பேசினார்: "இப்பதான் மோட்டர் போட்டுட்டு நிக்கிறேன்." அதே நிமிஷம் அக்காவின் போனில் 'மோட்டர் ஓடவில்லை' வந்து நின்றது.

உடனே கழற்றச் சொல்லி அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். ஐந்து நான்காகிவிடுமே என்ற பதற்றத்தில் பஸ் பிடித்துப் போனேன். கதவைத் திறந்த அக்கா சொன்னார்: "கழட்ட வேணாங்க தம்பி. பாவம், அந்த மனுசன் இனிமே பொய் சொல்லிக் கஷ்டப்பட வேண்டியதில்ல."

வில்கமுவ மாமரம்

வில்கமுவைக்குப் பஸ்ஸை நம்பினால் போன அன்றைக்குத் திரும்ப முடியாது. நிலாமின் மோட்டார் சைக்கிளில் போனோம். பண்டா ஐயாவின் வயல் கிணறு வீட்டிலிருந்து தூரம். கரண்ட் போய் மோட்டர் நின்றால் அவருக்குத் தெரியாது. போன போகத்தில் பாதி வயல் அப்படித்தான் காய்ந்தது. பாட்டரியோடு எல்லாம் பூட்டி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், கிணற்றடியில் சிக்னல் இருக்கிறது, வீட்டில் இல்லை. முற்றத்து மாமரத்தில் ஒரே ஒரு கிளைப் பக்கம் மட்டும் போன் இரண்டு கோடு காட்டியது. வழியில் தோஹாவிலிருந்து நினைவூட்டல் வேறு வந்திருந்தது. போதும், போய்விடலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்தது.

பண்டா ஐயாவின் மனைவி கணவரின் போனைப் பொலித்தீன் பையில் போட்டு அந்தக் கிளையில் கட்டினார். நிலாம் கிணற்றடிக்குப் போய் மோட்டரை நிறுத்தினான். மரம் 'டிங்' என்றது! பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் அன்றைக்கே தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அவர்கள் போனும் அதே கிளைக்கு வந்ததால், ஒரு டிங்குக்கு மூன்று பேரும் ஓடினார்கள். ஒன்றுக்குச் சேவல், ஒன்றுக்கு மணி, ஒன்றுக்குக் குழந்தை அழுகை என்று மாற்றிக் கொடுத்தேன். பண்டா ஐயா சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "மகன், படிக்க வேணாம், சத்தம் கேட்டா போதும். இந்தப் போகம் வயல் காயாது."

இன்னும் இரண்டு

புத்தாண்டுக்கு முதல் நாள், வீடுகள் எட்டில் நின்றன. சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு குறுக்குவழி தோன்றியது. நிலாம் வீட்டில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று போட்டால் பத்து! நான் கேட்டுக்கு வந்ததுமே 'அவர் வந்துவிட்டார்' என்று உன் போனுக்கு மெசேஜ் வரும் என்று ரீட்டாவுக்கு ஆசை காட்டினேன்.

அவள் பருப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஒன்பது வருஷம் நான் மெசேஜோடதான் குடும்பம் நடத்தினேன். இந்த வீட்டுக்கு அது வேணாம். நீங்க கதவைத் தட்டுங்க, நான் வந்து திறக்குறேன். எட்டு வீடு போதும். தோஹாக்காரங்களுக்கு மட்டும் ஒரு மெசேஜ் போடுங்க, வரலைன்னு."

என் கையால் அனுப்பிய மெசேஜ்களில், முதல் தடவையிலேயே சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது இதுவரை அன்றிரவு தோஹாவுக்குப் போட்ட அது ஒன்றுதான்.